கூப்பிட்டால் எழுந்துவிடுவார்

பிச்சையா வெள்ளிக்கிழமை பகலில் ஸ்ரீவைகுண்டத்தில் தாம் குடியிருந்த வீட்டிலேயே காலமானார். தூத்துக்குடியிலும் கொழும்பிலும் உள்ள நம் வியாபாரச் சிநேகிதர்களுக்குத் தந்தி கொடுத்தவன் நான்தான். ‘எப்படி?’ என்று உங்களில் பலர் திருப்பிக் கேட்டீர்கள். தந்தியில் அடங்காத பதில் அது. பதினான்கு வருஷம் அவரோடு கூட்டாக நிலாவாரை மருந்திலை வியாபாரம் பார்த்தவன் எழுதுகிறேன், என் பிழையையும் சேர்த்து.

எங்கள் சரக்கைப் பார்த்துக்கொள்ளக் கொழும்பில் மூன்று வருஷம் இருந்தபோது, அங்கே ஒரு பிக்குவிடம் அவர் தியானம் பழகினார். ஊர் திரும்பியும் விடவில்லை. மூச்சைக் கவனித்தபடி உட்காருவார். சற்று நேரத்தில் மூச்சு இருக்கிறதா என்றே தெரியாதபடி அமிழ்ந்துவிடுவார். முதல் மாதமே அவர் தங்கை வள்ளியம்மாள் மூக்கில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “எங்க அண்ணன் போயிட்டாவளே!” என்று அலறிவிட்டாள். தெரு கூடியது. சங்கு ஊதுகிறவரும் வந்து நின்றார். கோயிலில் உச்சிக்கால மணி அடித்ததும் பிச்சையா கண்ணைத் திறந்தார். “வந்தது வந்தீரு, சாப்பிட்டுட்டுப் போம்வே” என்றார் சங்குக்காரரிடம். மணிக்கு எழவேண்டும் என்று தமக்குள் சொல்லி வைத்திருந்தாராம். எங்களிடம்தான் சொல்லவில்லை. அன்றுமுதல் எழும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டே உட்காருவார்.

சோதிக்காமல் எதையும் ஏற்பவனல்ல நான். ஒருநாள் அவர் காதருகே மண்ணெண்ணெய் டின்னைத் தட்டினேன். ஆள் அசையவில்லை. நேரத்துக்கு எழுந்தபின், டின் கேட்காதவருக்கு மணி மட்டும் எப்படிக் கேட்கிறது என்றேன்.

“மணியைக் கேட்டு எந்திக்கலவே. உட்காருததுக்கு முன்னாலயே இன்ன நேரத்துக்கு எழணும்னு எண்ணத்தை வச்சிருதேன். உள்ள போனப்புறம் முடிவு பண்ண அங்கன ஆள் கிடையாது. அந்த எண்ணத்தையே பிடிச்சிக்கிட்டு இருந்தாலும் உள்ள போக முடியாது. ஒரு தடவை வச்சிட்டுக் கையை எடுத்துறணும்.”

“அந்நேரம் வீடு தீப்பிடிச்சா?”

“அதுக்கும் வச்சிருக்கேன். வள்ளி கூப்பிட்டாலும் நீரு கூப்பிட்டாலும் எழுந்துருவேன். டின்னைத் தட்டுனீரே, பேரைச் சொல்லிக் கூப்பிட்டீரா?”

அதையும் ஒருநாள் செய்தேன். சரக்கு எடுக்க ஊருக்கு வந்த தூத்துக்குடித் தரகர் எங்கள் இலையைப் பழுப்பு என்று தட்டிக்கழித்தார். பிச்சையாவின் கண்ணை மட்டுமே அவர் நம்புவார். ஓடிப்போய்ப் பெயரைச் சொன்னேன். உடனே எழுந்து வந்து தரம் சொன்னார், பேரமும் முடிந்தது. ஆனால் அதன்பின் ஒரு வாரம் அவருக்கு மனம் கூடவேயில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். ஒரு சொல் கடிந்து சொல்லவில்லை. எனக்குத்தான் அவமானமாக இருந்தது. “உயிர் போகிற காரியமில்லாமல் இனிக் கூப்பிடமாட்டேன்” என்று சத்தியம் செய்தேன்.

கடைசியில் நான்கு நாள் காய்ச்சல், நெஞ்சுச் சளி. வெள்ளிக்கிழமை நான் போனபோது சுவரில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். “அண்ணன் மணிக்கு எழுந்திருதேன்னு சொன்னாவ, அண்ணாச்சி. வைத்தியரு கசாயத்தோட நிக்காரு. எனக்கு எழுப்ப மனசு வரல, நீங்க கூப்பிடுதியளா?” என்றாள் வள்ளியம்மாள். பிச்சையாவின் முகத்தைப் பார்த்தேன். நான்கு நாளில் அன்றுதான் அதில் வலி இல்லை.

“இரு தாயி, மணி அடிக்கட்டும்” என்றேன்.

மணி அடித்தது. அவர் எழவில்லை. பிறகு கூப்பிட்டேன். தெருக்கோடி வரை கேட்கும்படி கூப்பிட்டேன்.

கசாயம் கொடுத்திருந்தாலும் பயனில்லை என்றார் வைத்தியர். ஆறுதலுக்குச் சொல்வது எது, உள்ளதைச் சொல்வது எது என்று ஆளின் முகம் பார்த்தே அறிகிறவன் நான். அன்று எனக்குத் தெரியவில்லை. பிச்சையா தாமே நினைத்துப் போய்விட்டார், பெரிய சாவு என்று ஊரார் கும்பிடுகிறார்கள். நான் ஒப்பமாட்டேன். எழுவேன் என்று தங்கையிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தவர் அவர். எழத்தான் நினைத்திருந்தார். என்னை அரிப்பதும் அதுதான்.

அவர் வாடகைக்கு இருந்த வீட்டை, அவர் உட்கார்ந்த அறையோடு, வீட்டுக்காரரிடம் பேசி எடுத்துக்கொண்டேன். வருஷத்துக்குப் பதினெட்டு ரூபாய். அந்த அறையில் மூட்டை அடுக்கக் கூடாது. வள்ளியம்மாள் இருக்கும்வரை வீடு அவளுக்கு. காலையில் நானும் அங்கே உட்காருகிறேன். இதுவரை ஒன்றும் கூடவில்லை. அவளோடும் பேசி முடித்திருக்கிறேன்: யார் உட்கார்ந்திருந்தாலும் சரி, என்ன நேரம் சொல்லியிருந்தாலும் சரி, அவளுக்கு மனசு பதறினால் போதும், காரணம் வேண்டாம், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட வேண்டும்.