குறை என்னில

ஸ்குரூட்ரைவரின் நுனியை ஓடுகிற எஞ்சினில் ஊன்றி, அதன் பிடியைக் காதோடு அழுத்தி, கண்களை மூடிக்கொண்டு நிற்கிறார் டொமினிக். எஞ்சினின் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று, மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்றும் போனமுறை கழற்றியவன் சரியாகப் பூட்டவில்லை என்றும் அடுக்கிக்கொண்டு போகிறார்.

"கொஞ்சம் சும்மா நில்லுங்கோ. ஆரில பிழை எண்டு பாத்துப்போட்டுக் கதைப்பம்."

மன்னார் தாழ்வுபாட்டுக் கரையில் வள்ளம் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த வசனம் மனப்பாடம்.

டொமினிக்குக்கு ஐம்பத்து மூன்று வயது. எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் நகக்கண்ணில் ஒயில் போகாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் சப்பாத்து. அதுவும் கோயில் வாசல் தாண்டியதும் கையில். மத்தியானம் மனைவி அன்ரோனெற் சோறு கொண்டு பட்டறைக்கு வருவார். இருவரும் கவிழ்த்துப்போட்ட மீன் பெட்டிகளில் எதிரெதிரே இருந்து சாப்பிடுவார்கள். மீனை முள் நீக்கி மனைவியின் சோற்றுக் கோப்பையில் வைப்பது டொமினிக்கின் வேலை. பார்ப்பவர்கள் சிரித்தால், "பாக்காதேங்கோ, சாப்பாடு செமிக்காது" என்பார்.

பதினான்கு வருடங்களுக்கு முன் நான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். அவர்களுக்கு அடுத்த வீட்டில் வாடகைக்கு இருந்தேன். அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. டொமினிக்கின் தாய் காலையில் முற்றம் கூட்டும்போதே தொடங்கிவிடுவார். "பூக்காத மரத்துக்கு ஏன் தண்ணி ஊத்துவான்?" வேலிக்கு இந்தப்பக்கம் எனக்கே கேட்கும். அன்ரோனெற் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார்.

பிள்ளைக்காக மருந்து பார்க்கப் போன முதல் நாளே வைத்தியர் இருவரையும் சோதிக்க வேண்டும் என்று சொல்லித்தான் இருந்தார். டொமினிக்குக்கு எழுதிய சோதனைத் துண்டு அவருடைய கருவிப் பெட்டியின் அடியில் கிடந்து ஒயில் ஊறிப் போயிற்று. "எனக்கென்ன வருத்தம்? கல்லு மாதிரி நிக்கிறன்" என்று இரண்டு வருடம் தள்ளினார். அந்த இரண்டு வருடமும் அன்ரோனெற்தான் ஊசி குத்தக் கை நீட்டினார், ஸ்கானுக்குப் போய்ப் படுத்தார். கடைசியில், வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்த்தால்தான் குழாய்களின் நிலைமை தெரியும் என்றார் வைத்தியர். இருவரும் யாழ்ப்பாணம் போனார்கள்.

மயக்கி, தொப்புளின் கீழ் ஒரு விரல் நகமளவு கீறி, வயிற்றுக்குள் காற்றடித்து, மெல்லிய குழாயில் கமராவை இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். பார்த்து முடித்த வைத்தியர் வெளியே வந்து டொமினிக்கைக் கூப்பிட்டார்.

"கர்ப்பப்பை நல்லா இருக்கு. நீலச் சாயம் விட்டுப் பாத்தனாங்கள், ரெண்டு குழாயாலும் வடிவா வழிஞ்சுது. உங்கட மனுசியில ஒரு குறையும் இல்லை." பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்: "நீங்கள் இன்னும் உங்கட சோதனை செய்யேல்லைத்தானே?"

"அந்தக் கேள்வி இண்டைக்கும் காதுக்குள்ள கேக்குது, ரீச்சர்" என்று டொமினிக் என்னிடம் ஒருமுறை சொன்னார்.

மறுநாள் பஸ்ஸில் திரும்பினார்கள். அடித்த காற்றின் மிச்சத்தால் அன்ரோனெற்றுக்குத் தோள்மூட்டில் குத்து. "வெட்டினது வயித்தில, நோகுறது தோளில. என்ன கூத்து இது!" என்று அவர் சிரித்தாராம். சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி, பூநகரி வெளி தாண்டி, மன்னார் வரைக்கும் டொமினிக் அந்தத் தோளைத் தடவிக்கொண்டே வந்தார். ஜன்னலால் உப்புக்காற்று. அன்ரோனெற் அவர்மேல் சாய்ந்து நித்திரையாகிப் போனார். மற்றவர்கள் கல்யாணப் புதிதில் போன இடங்களைச் சொல்வதுபோல் இவர்கள் இருவரும் இன்றைக்கும் அந்தப் பஸ் பயணத்தைச் சொல்கிறார்கள். யார் யாருக்கு மாங்காய்த் துண்டு வாங்கிக் கொடுத்தது என்பதில் மட்டும் இன்னும் வழக்குத் தீரவில்லை.

அடுத்த கிழமை டொமினிக் தனியே போய்ச் சோதனை கொடுத்தார். முடிவை வாசித்துக் காட்டினார்கள்: அவரில் விந்தணுவே இல்லை.

அன்ரோனெற் கேட்டது ஒன்றுதான். "ஊருக்குச் சொல்லாதேங்கோ. எனக்கு ஏச்சுக் கேட்டுப் பழகிட்டுது. உங்களுக்குப் பழக்கமில்லை."

அடுத்த மாதம் டொமினிக்கின் தங்கை டிலோஜினியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். வீடு நிறையச் சனம். நானும் கேக் துண்டோடு ஒரு கதிரையில் இருந்தேன். பிள்ளை அழுதது. பக்கத்தில் நின்ற அன்ரோனெற் தூக்கினார். மாமியார் விரைந்து வந்து வாங்கிக்கொண்டார். "நீ தூக்காதை, பிள்ளை. நல்ல நாளும் அதுவுமா."

டொமினிக் எழும்பினார். "அம்மா, குறை என்னில. அவவில இல்லை."

பெரியவர் ஒருவர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "டேய், போட்டிட்டியோ?"

"ஒரு சொட்டும் தொடேல்லை, சித்தப்பா. யாழ்ப்பாணத்தில அவவைக் கமரா விட்டுப் பாத்தாச்சு, ஒண்டுமில்லை. என்னையும் பாத்தாச்சு. பிள்ளை பிறக்காதது என்னால. ரெண்டு வருசம் பயத்தில ஒளிச்சன். அவவின்ர வயித்தில கத்தி வைக்க விட்டதும் நான்தான்."

பாட்டை யாரோ நிறுத்தினார்கள். தாய் பிள்ளையோடு கதிரையில் இருந்துவிட்டார். பிறகு எழும்பி, மருமகளின் முகத்தைப் பாராமலே, பிள்ளையை அவர் கையில் கொடுத்தார்.

அதன் பிறகு சில மாதம் கரையில் கேலி நடந்தது. இரண்டொரு எஞ்சின் வேறு பட்டறைக்குப் போயிற்று. வைத்தியமும் பார்த்தார்கள். பிள்ளை கிடைக்கவில்லை. தாய் படுக்கையில் கிடந்த கடைசி வருடம் அன்ரோனெற் அல்லாத வேறு யார் கையாலும் கஞ்சி குடிக்கமாட்டேன் என்றார்.

போன மாதம் நான் அவர்களைப் பார்க்கப் போய்ப் பட்டறையில் இருந்தபோது பக்கத்து ஊர் தாராபுரத்து நஸார் வந்தார். மீன் வாங்கி விற்பவர், நாற்பதை நெருங்கியவர். காற்றைப் பற்றிக் கதைத்தார், மீன் விலையைப் பற்றிக் கதைத்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"டொமினிக் அண்ணன், வீட்டில நுஸ்ரியாவுக்குக் கமரா விட்டுப் பாக்கோணுமாம். பயந்துபோய் இருக்கிறா."

"அது கிடக்கட்டும். நீ உன்ர சோதனையைக் குடுத்தனியோ?"

நஸார் நிலத்தைப் பார்த்தார்.

டொமினிக் கையைத் துடைத்தார். பாதி கழற்றிய எஞ்சின் மேல் சாக்கொன்றை இழுத்து மூடினார். கொடியில் கிடந்த சட்டையைப் போட்டுக்கொண்டு போய், நஸாரின் மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏறி இருந்தார். "ஆஸ்பத்திரிக்கு விடு, நானும் வாறன்."