ஊட்டிக்குப் போய் வந்த பிறகு

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் முதன்முறையாக நானும் மனைவியும் ஊட்டிக்குப் போய்விட்டுத் தாராவிக்குத் திரும்பினோம். மறுநாளிலிருந்து எனக்கு எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. தோல் பை தைக்கும் பட்டறையில் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஐந்தாம் நாளும் பயணப் பை பிரிக்காமல் மூலையில் கிடந்ததைப் பார்த்து மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

“ஏட்டி, அதப் பிரிச்சுத் தொவைக்க ஒனக்கு என்ன கேடு?”

“பிரிச்சா எல்லாம் முடிஞ்சிரும்லா,” என்றவள் அழுதுவிட்டாள். “ஒங்களுக்கு மட்டுந்தான் இப்படி இருக்குன்னு நெனைச்சியளா?”

அவள் முகம் வாடியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஐந்து நாளாக அவளும் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. அன்று துணிகளைச் சேர்ந்தே துவைத்தோம்.

மனபாரம் இறங்கச் சில வாரங்கள் ஆயின. அதுவரை காலையில் யார் முதலில் விழித்தாலும், மற்றவரைக் கைபிடித்துத் தூக்கி உட்கார வைத்தோம்.