ஜங்ஷனில் ஒரு நாள் சீனா

சித்தப்பா சீனாவிலிருந்து விடுமுறைக்கு வந்த வருஷம், சித்திரை வெயிலில் எங்கள் வீட்டில் எல்லோரும் வெந்நீர் குடித்தோம். வீரவநல்லூரில் நாய்கூட நிழலை விட்டு நகராத மதியத்தில், அவர் ஒரு தம்ளர் கொதிநீரை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "அங்கன ஓட்டல்ல போயி உக்காந்தா மொத இதான் வரும். மூத்தவ இப்பமே பழகிக்கிடட்டும்" என்பார். மூத்தவளான என் அக்கா பழகுவதற்காக நாங்களும் வேர்த்து வடிந்தோம்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. சீனாவில் ஒரு பெரிய நகரத்தில், நம்மூர்ச் சாப்பாடு போடும் ஓட்டலில் பரோட்டா மாஸ்டராக இருந்தார். எங்கள் ஊரில் துபாய்க்குப் போனவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. சீனாவுக்குப் போனவர் அவர் ஒருவர்தான். அதே நகரத்தில் டாக்டருக்குப் படிக்க அக்காவுக்கு இடம் கிடைத்திருந்தது. அக்கா அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தாள். நான் ஐந்தாம் வகுப்பு.

வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. அம்மா அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் டாக்டராகியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்பா, எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக் கட்டும் கடை வைத்திருந்தார். அவர் ஒரே பேச்சாக மாட்டேன் என்றார். "பக்கத்து வீட்டுல போயி உப்பு கேக்கச் சொன்னாலே இது வாசல்ல நின்னு முழிச்சிட்டுத் திரும்பி வருது. வாயில்லாப் பூச்சி. இதக் கொண்டு போயி சீனாவுல விடச் சொல்லுதீங்களே!" என்று அவர் சொல்லும்போது அக்காவும் எதிரே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அதற்கும் அவள் பதில் பேசமாட்டாள். கல்லூரிக்காரர்கள் அனுப்பிய தாளில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். தாள் டி.வி.யின் மேல் கிடந்தது.

சித்தப்பா தினமும் சாயங்காலம் முற்றத்தில் நாற்காலி போட்டு, அந்த ஊரில் எப்படிப் பிழைப்பது என்று பாடம் நடத்தினார். எல்லாப் பாடமும் அவர் மாட்டிக்கொண்ட கதையிலிருந்துதான் தொடங்கும். முதல் நாள் ஓட்டலில் வைத்த தம்ளரை எடுத்து, நம்மூர் வழக்கப்படி அண்ணாந்து வாயில் ஊற்றியிருக்கிறார். தண்ணீர் என்றால் பச்சைத் தண்ணீர்தானே என்ற நம்பிக்கை. நாக்கு வெந்துபோய், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே உப்புப் பார்க்கத் தெரியாத மாஸ்டர் என்று பெயர் வாங்கினார். இன்னொரு தடவை சீனக்கார முதலாளி வீட்டில் விருந்து. வைத்ததை மிச்சம் வைத்தால் மரியாதை இல்லையே என்று இவர் தட்டை வழித்துத் தின்ன, விருந்தாளிக்குப் பற்றவில்லை போல என்று அந்த வீட்டு அம்மாள் மறுபடி வைக்க, இவர் மறுபடி வழிக்க, கடைசியில் மூச்சு முட்டிப் போயிருக்கிறார். "போதும்னு மூடி வைக்க அங்கன இலையும் இல்ல பாத்துக்க. தட்டுல ரெண்டு வாய் மிச்சம் வச்சிரணும். அதான் அங்கன வயிறு நெறஞ்சதுக்கு அடையாளம்."

கையில் காகிதக் கைக்குட்டை இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது, பொதுக் கழிப்பறையில் வைத்திருக்க மாட்டார்கள். தங்கியிருக்கும் இடத்தின் முகவரியைச் சீன எழுத்தில் அச்சடித்த அட்டை எப்போதும் பையில் இருக்க வேண்டும், வழி தப்பினால் டாக்ஸிக்காரரிடம் நீட்டினால் போதும். வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும் ஊர். அதனால் முதலில் இடப்பக்கம் பார்த்துத்தான் ரோட்டில் காலை வைக்க வேண்டும். பேட்டரி ஸ்கூட்டர்கள் நடைபாதையிலும் வரும், சத்தமே இருக்காது, பின்னால் வந்து நின்ற பிறகுதான் தெரியும். கறி வேண்டாம் என்றால் துண்டுக் கறியைத்தான் வேண்டாம் என்கிறாய் என்று நினைத்து மணத்துக்குக் கொத்துக்கறி தூவித் தந்துவிடுவார்கள். சரி என்பதற்கு நம்மைப்போல் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் எவனுக்கும் புரியாது, மேலும் கீழும்தான் ஆட்ட வேண்டும். அக்கா எல்லாவற்றுக்கும் பக்கவாட்டில் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அப்பா கேட்காத மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஒரு பாடத்தில் மட்டும் பேப்பர் கீழே இறங்கியது. "தங்குத எடத்துக்குப் போனதும், ஒரு நாளைக்குள்ள போலீஸ் ஸ்டேஷன்ல போயி பதிஞ்சிரணும்" என்று சித்தப்பா சொன்னார்.

"ஏலே, எறங்குனதுமே போலீஸ் ஸ்டேஷனா? நம்ம வம்சத்துல எவனாது அந்தப் படி ஏறிருக்கானா?"

"வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் பதியணும்ணே. அது நல்லதுக்குத்தான்."

"ஒன் கதையெல்லாம் இருக்கட்டும். இவ இதுவர பஸ் ஏறி ஜங்ஷனுக்குத் தனியாப் போயிட்டு வந்துருக்காளா? அத மொதல்ல சொல்லு."

சித்தப்பா ரோஷக்காரர். "நாளைக்கே போவட்டும். சீனாவுக்குப் போற மாதிரியே போவட்டும். வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசப்பிடாது. எழுதிக் காட்டப்பிடாது. குளிருக்குப் போடுத சட்டை ஒண்ணு வாங்கிட்டு, வெங்காயம் போடாத ஊத்தப்பம் தின்னுட்டு, பஸ் ஏறி வந்துரட்டும். வந்துட்டான்னா நீங்க கையெழுத்துப் போடணும். இல்லன்னா நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"சத்தம் குடுக்கலாமா?" என்று கேட்டார் அப்பா.

"சத்தம் குடுக்கலாம். கோழி வேணும்னா நானே அங்கன கோழி மாதிரி கத்தித்தான் வாங்குதேன்."

அப்பா சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அவள் டிக்கெட் எடுக்கும் முன்பே அழுதுகொண்டு திரும்பிவிடுவாள் என்பது அவர் கணக்கு. அம்மா அடுக்களையிலிருந்து, "எம்மவ போயிட்டு வருவா. நீங்க பேனாவ எடுத்து வையிங்க" என்றாள். நடுவராக நான் போக வேண்டும், நானும் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவானது. இத்தனை பெரிய பதவி அதுவரை எனக்குக் கிடைத்ததில்லை.

மறுநாள் பஸ்ஸில் கண்டக்டர், "எங்கன தாயி?" என்று கேட்டார். அக்கா கையை முன்னால் நீட்டினாள். "சேரன்மாதேவியா? பத்தமடையா? மேலச்செவலா?" என்று அவர் ஒவ்வோர் ஊராகச் சொல்லச் சொல்ல அக்கா மறுத்துக்கொண்டே வந்தாள். ஜங்ஷன் என்றதும் மேலும் கீழுமாகத் தலையாட்டினாள். பக்கத்து சீட்டு அம்மாள் என் கன்னத்தைத் தடவி, "அடப் பாவமே, சின்னதுக்கும் பேச்சு வராது போலருக்கே" என்று உச்சுக்கொட்டிவிட்டு ஒரு முறுக்கைக் கையில் வைத்தாள். நான் மறுக்கவில்லை. மறுக்க வாய் திறக்க வேண்டுமே.

ஜவுளிக்கடையில்தான் சிரமப்பட்டோம். வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. அக்கா கல்லாவின் முன்னால் நின்று இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டினாள். கடைக்கார அண்ணாச்சி பதறிப்போய், "ஏலே, புள்ளைக்குக் குளிர் காய்ச்சல்! அந்தச் சேரை எடுத்துப் போடு" என்று கத்தினார். ஃபேனை நிறுத்தினார்கள். சோடா வந்தது. அக்கா அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சோடாவைக் குடித்துவிட்டுக் கடையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் சிவனும் பார்வதியும் கைலாயத்தில் உட்கார்ந்திருக்கும் காலண்டர் தொங்கியது. எழுந்து போய் அதைத் தொட்டாள். அண்ணாச்சி உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். அக்கா விடவில்லை. சாமியை விட்டுவிட்டுப் பின்னாலிருந்த பனிமலையை விரலால் தேய்த்துக் காட்டி, மறுபடி நடுங்கி, தன் சட்டைக் கையை இழுத்துக் காட்டினாள். அண்ணாச்சி முகத்தில் விளக்கெரிந்தது. "குளுரு தேசத்துக்குப் போவுதியா? இத மொதல்லயே..." என்றவர், சொல்ல முடியாத பிள்ளையிடம் சொல்லியிருக்கலாமே என்கிறோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். ஊட்டிக்குப் போகிறவர்களுக்காக வைத்திருந்த முழுக்கைக் கம்பளிச் சட்டை பரணிலிருந்து இறங்கியது.

ஓட்டலில் ஊத்தப்பம் அத்தனை பாடுபடுத்தவில்லை. அடுத்த மேசைக்காரரின் இலையைக் காட்டி, அதிலிருந்த வெங்காயத்தைக் காட்டி, அது மட்டும் வேண்டாம் என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். சர்வர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஒரு துண்டு வெங்காயம்கூட இல்லாமல் கொண்டுவந்து வைத்தார். வெந்நீர் வாங்கி, ஊர் பார்க்கத் தம்ளரில் வாய் வைத்துக் குடித்தாள் அக்கா. எச்சில் பண்ணிக் குடிக்கிறாளே என்று எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

சாயங்காலம் பஸ் நிலையத்தில் கூட்டம் அலைமோதியது. எங்கள் ஊர் வழியாகப் போகும் பாபநாசம் பஸ் உள்ளே நுழைந்ததும் நான் இடுக்கில் புகுந்து ஏறி, ஜன்னலோர சீட்டைப் பிடித்துவிட்டேன். அக்கா படிக்குக் கீழே நின்று, ஒரு முதியவரின் மூட்டைகளை ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைசி மூட்டை ஏறியது. கண்டக்டர் இரட்டை விசில் அடித்தார். இரட்டை விசில் என்றால் போ, ஒற்றை விசில் என்றால் நில். பஸ் நகர்ந்தது. அக்கா கீழேயே நின்றுவிட்டாள்.

ஜன்னல் வழியாக அவள் முகத்தைப் பார்த்தேன். "நிறுத்துங்க" என்று ஒரு வார்த்தை கத்தினால் போதும். கத்தினால் சீனா போய்விடும். நானாவது கத்தியிருக்கலாம். நடுவர் பேசினால் ஆட்டம் செல்லாது என்று சித்தப்பா சொல்லியிருந்தார். வாயை இறுக்கி மூடிக்கொண்டு பொலபொலவென்று கண்ணீர் விட்டேன். அக்கா கூடவே ஓடி வந்தாள். ஓடிக்கொண்டே இரண்டு விரலை நாக்குக்கடியில் கொடுத்து, ஜங்ஷனே திரும்பிப் பார்க்கும்படி நீளமாக ஒரு விசில் அடித்தாள்.

பஸ் கிறீச்சென்று நின்றது.

"என்ன வே, ரைட் குடுத்த கையோட நிப்பாட்டச் சொல்லுதீரு?" என்று டிரைவர் கத்தினார்.

"நான் எங்க வே அடிச்சேன்?" என்ற கண்டக்டர், தன் கையிலிருந்த விசிலை ஒருமுறை சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்.

அக்கா படியேறி வந்து, விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. மொத்த பஸ்ஸும் எங்களைப் பார்த்தது. "நீயா தாயி அடிச்ச?" என்று கேட்டார் கண்டக்டர். மேலும் கீழும் தலையாட்டினாள். "அப்பம் இனிம நீயே அடி. நான் டிக்கெட்ட மட்டும் பாத்துக்கிடுதேன்" என்றதும் பஸ்ஸே சிரித்தது. ஒரே பாயில் படுப்பவள் நான். அவளுக்கு விசிலடிக்க வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கன்னடியன் கால்வாயில் துணி துவைக்கப் போகும்போது ஆளில்லாத நேரம் பார்த்துப் பழகியதாகப் பின்னால் சொன்னாள். அந்த நிமிஷம் எனக்கு இருந்த பெருமையில், இவள் என் அக்கா என்று எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது.

எங்கள் தெருப் பால்காரர் அதே பஸ்ஸில் இருந்தார். "ஏட்டி, மோட்டார் கடக்காரர் மவதான நீ? எப்பத்துலருந்து பேச்சு நின்னுச்சு?" என்று பக்கத்தில் வந்து கேட்டார். நாங்கள் இருவரும் விழித்தோம். அவர் கலவரமாகிப் போனை எடுத்து, "அண்ணாச்சி, ஒம்ம ரெண்டு மவளுக்கும் பேச்சு வரல. ஆனா மூத்தவ விசிலடிக்கா" என்று அப்பாவுக்குச் சேதி சொன்னார்.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது அப்பா நின்றுகொண்டிருந்தார். வயசுப் பெண் பஸ் நிலையத்தில் விசிலடித்துவிட்டு வந்திருக்கிறாள். சித்தப்பா, விழப்போகிற திட்டுக்குத் தயாராக அவருக்குப் பின்னால் நின்றார்.

"ஒரே விசிலா?" என்று கேட்டார் அப்பா.

அக்கா ஒரு விரலைக் காட்டினாள். இன்னும் வீடு வரவில்லையே.

"பஸ் நின்னுட்டா?"

தலையாட்டினாள். அப்பா ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்துப் பயந்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வழியில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி, "வாயில்லாப் பூச்சின்னுல்லா நெனச்சிட்டிருந்தேன், கவர்மெண்டு பஸ்ஸ நிப்பாட்டிட்டு வந்துருக்கு வே எம்மவ" என்று சொன்னார். வீட்டுக்குள் நுழைந்ததும் டி.வி. மேலிருந்த தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "போவட்டும். இவ எங்கன போனாலும் பொழச்சிக்கிடுவா." அப்போதுதான் அக்கா வாயைத் திறந்து, "அப்பா" என்றாள். அன்று முழுக்க அவள் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

அக்கா போனாள், படித்தாள், டாக்டராகித் திரும்பி வந்தாள். இப்போதும் எங்கள் பக்கத்திலிருந்து யார் பிள்ளையாவது அந்த ஊருக்குக் கிளம்பினால் அவளைத்தான் தேடி வருகிறார்கள். வெந்நீரை ஊதிக் குடி, பையில் காகிதம் வை, போனதும் போலீஸில் பதி என்று அவள் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இன்றைக்கும் தலை நிமிர்ந்துவிடும்.

அன்று அம்மாவிடம் முதலில் நான்தான் சொல்ல வேண்டும் என்று மாடிக்கு ஓடினேன். அம்மா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, அப்பா கையெழுத்துப் போட்டுட்டாவ! அக்கா போவப்போறா!"

அம்மா அக்காவின் சுடிதாரை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். "நெசமாவா?" என்றாள். அப்புறம் அந்தத் துணியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

"நீதான போவட்டும் போவட்டும்னு சண்ட போட்ட?"

"ஆமாட்டி. ஒங்கப்பா விடமாட்டாவன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்" என்றாள்.

ஜெயித்த பிறகும் ஒருத்தி அழுவாளா என்று எனக்கு எரிச்சல் வந்தது. கீழே ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிவந்தேன். படியேறி வந்த அப்பா அம்மாவைப் பார்த்தார். அவர் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கொடியில் மிச்சமிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் கையில் கொடுக்கத் தொடங்கினார். அப்பா துணி எடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கீழே முற்றத்தில் சித்தப்பா, இன்னொரு விசில் அடித்துக் காட்டச் சொல்லி அக்காவைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அதைக் கேட்க நான் இறங்கி ஓடிவிட்டேன். இருட்டிய பிறகும் அப்பாவும் அம்மாவும் மாடியைவிட்டு வரவில்லை. நாலு துணியை மடிக்க இரண்டு பேருக்கு ஏன் இத்தனை நேரமாகிறது என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.