விசில் என்று சொன்னதற்கு

மும்பை முலுண்ட் கல்யாண மண்டபத்தில் மணப்பெண்ணே இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். அவளுடைய தாத்தா, என் பெரியப்பா, பூரித்துக் கைதட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தாராவியில் இருந்தபோது எனக்குப் பத்து வயதிருக்கும். அத்தை கல்யாணத்தில் வாசிப்பதற்காக, அம்மா முணுமுணுக்கும் நலுங்குப் பாட்டை டின் விசிலில் பழகினேன். தோல் பட்டறை நாற்றத்துக்கு நடுவே, ஆறு துளையுள்ள அந்தத் தகரக் குழலை உதடு வலிக்க வலிக்க ஊதினேன்.

கல்யாணத்தன்று பெரியப்பா மறித்தார். "ஏட்டி, கையில என்னது?"

"விசில், பெரியப்பா."

"பொட்டப்புள்ள கல்யாண வீட்டுல விசிலடிக்கவா? கொண்டா இங்க!"

பிடுங்கிக்கொண்டார். ஒரு ஸ்வரம்கூட அவர் கேட்கவில்லை.

இன்று விடவில்லை, அன்றைக்கு ஏன் என் விசிலைப் பிடுங்கினீர்கள் என்று நேரே போய்க் கேட்டேன்.

"புல்லாங்குழல்னு சொல்லியிருந்தா நானே மேடையில ஏத்தியிருப்பேம்லா," என்றார்.

"அப்போ உங்க பேத்தி இப்ப ஊதுனது என்ன, நாதஸ்வரமா?"