முந்திரி இல்லாத தித்திப்பு

மகள் ஸ்ரீவல்லி பள்ளிவிட்டு வாசல் ஏறியதும் அலர்மேல் முதலில் பார்ப்பது உதட்டை. வீங்கியிருக்கிறதா? பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து முகர்வாள். பென்சில் வாசனையும் வியர்வையும் மட்டும் இருந்தால், அதுவரை பிடித்துவைத்த மூச்சை விடுவாள். ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்த விசாரணை மனப்பாடம். கேள்வி வருமுன்பே பதில் வந்துவிடும்.

"சுதீருக்குப் பொறந்தநாள். சாக்லேட் குடுத்தான். வாங்கிக்கல. பாத்தேன், அவ்வளவுதான்."

அந்த 'பாத்தேன்' காதில் விழுந்ததும் அலர்மேல் அடுப்படிக்குப் போய் ஒரு வெல்லக்கட்டியை எடுத்துவருவாள்.

ஸ்ரீவல்லிக்கு முந்திரி ஆகாது. தடிப்போடு போகிற சமாச்சாரம் இல்லை, மூச்சுக்குழல் அடைத்துக்கொள்ளும். இரண்டு வயதில் ஒரு விள்ளல் லட்டு தின்றபோது தெரியவந்தது. வேறு ஊராக இருந்தால் எப்படியோ சமாளித்திருக்கலாம். இவர்கள் இருப்பது திருப்பதியில். கணவர் சடகோபனுக்கு மலைமேல் கோயில் கைங்கர்யம். சேவிக்க வருகிற உறவுக்காரர்கள் கீழே இறங்கியதும் இவர்கள் வீட்டில்தான் பிரசாதப் பையைப் பிரிப்பார்கள். லட்டில் புதைந்திருக்கிற முந்திரியைத் தேடியெடுத்துக் குழந்தை வாயில் போடுவதுதான் இங்கே கொஞ்சல்.

அலர்மேல் ஓடிவந்து தடுப்பாள். தடுத்தபின் சுவரிலிருக்கும் பெருமாள் படத்தைப் பார்த்து நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். "பிரசாதத்தை வேண்டாம்னு சொல்றேனே, பெருமாள் என்ன நெனச்சுப்பார்?" என்று ஒருமுறை கணவரிடம் கேட்டாள். "அவருக்குத் தெரியாதாடி?" என்றார் சடகோபன். அன்றிலிருந்து தமக்குக் கிடைக்கும் லட்டை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. வழியிலேயே தெருக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார்.

அலர்மேலின் தோள்பையில் எப்போதும் ஊசியும் மருந்தும் இருக்கும். மூச்சு திணறினால் யோசிக்காமல் தொடையில் குத்த வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்காகச் சாத்துக்குடியில் வெறும் தண்ணீரை ஏற்றிப் பழகுவாள். பழம் உருண்டு ஓடும். "பழத்துக்கே கை இப்படி நடுங்கறதே" என்று முணுமுணுத்துக்கொண்டு மறுபடி பிடிப்பாள்.

பண்டிகை வந்தால் அவள் அடுப்பு வேறு வேலை செய்யும். பொரியும் வெல்லப்பாகும் சேர்த்துச் சின்னச் சின்ன உருண்டை. கொட்டை நீக்கிய பேரீச்சையைத் தேங்காய்ப்பூவில் புரட்டி ஒரு மிட்டாய். பங்காருபாளையத்து மாம்பழத்தை அரைத்துத் தட்டில் ஊற்றி, வெயிலில் காயவைத்து, நட்சத்திரமாக வெட்டிய தாண்ட்ரா. இந்தத் தாண்ட்ராவைச் செய்துவிட்டு அதைக் கண்டே பயந்தாள். மாமரமும் முந்திரி மரமும் ஒரே குடும்பம் என்று எங்கோ படித்துவிட்டாள். மருத்துவர், பழம் கொடுக்கலாம், தோல் மட்டும் வேண்டாம் என்றார். நம்பிக்கை வரவில்லை.

எந்தப் புதுத் தின்பண்டத்தையும் அவள் வீட்டில் கொடுப்பதில்லை. சிட்டிபாபுவின் ஆட்டோவில் ஆஸ்பத்திரி வரைக்கும் போய், எதிர்ப்புற வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, நகக்கண் அளவு கிள்ளிக் கொடுப்பாள். பிறகு குழந்தையின் கழுத்தையே பார்த்திருப்பாள். சிட்டிபாபு இஞ்சினை அணைக்காமல் நிற்பார்.

"இன்னாம்மா, இன்னிக்கு இன்னா துன்னக் குடுக்கற?"

"தாண்ட்ரா."

"மாங்காதானம்மா? எங்க ஊட்டுப் பசங்க கிலோக்கணக்குல துன்னுக்கினு கீதுங்க."

"உங்காத்துக் கொழந்தேள் வேற, சிட்டிபாபு."

தாண்ட்ரா ஒன்றும் செய்யவில்லை. ஸ்ரீவல்லி இன்னொரு துண்டு கேட்டாள்.

போன நவராத்திரிக்கு முந்தைய நாள், இந்தத் தித்திப்புகளைச் சின்ன டப்பாக்களில் போட்டுத் தெருவில் கொலு வைத்த வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோனாள். "எல்லாருக்கும் என்ன வேணாலும் குடுங்கோ. எங்காத்துக் கொழந்தைக்கு மட்டும் இதைக் குடுங்கோ, மாமி." எல்லோரும் சரியென்றார்கள். பக்கத்து வீட்டுப் பத்மாசனி மாமி மட்டும் சிரித்தாள்.

"ஏண்டி, பெருமாள் பிரசாதம் கூடவாடி விஷமாயிடும்? நம்பிக்கை வேணும்."

"நம்பிக்கை இருக்கு மாமி. பயமும் இருக்கு. குடுத்துடாதேள்."

சரஸ்வதி பூஜை மாலை மாமி வீட்டில் ஸ்ரீவல்லி பாசுரம் பாடினாள். எல்லோரும் கைதட்டினார்கள். அலர்மேல் வெற்றிலைத் தட்டை வாங்கத் திரும்பிய நேரத்தில், மாமி பூரித்துப்போய்க் குழந்தையின் வாயில் எதையோ வைத்தாள். அலர்மேல் திரும்பும்போது குழந்தை கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

உதடு தடித்தது. "அம்மா, தொண்டையில என்னமோ" என்றாள். அடுத்த மூச்சு விசிலாக வந்தது.

அலர்மேல் அலறவில்லை. குழந்தையைக் கொலுப்படியடியில் கிடத்தி, பாவாடையை விலக்கி, தொடையில் குத்தினாள். குத்தி முடிக்கும்வரை கை கல்லாக இருந்தது. யாரோ சிட்டிபாபுவைக் கூப்பிட்டார்கள். ஆட்டோவில் குழந்தையின் மார்பு ஏறி இறங்குவதை உள்ளங்கையால் உணர்ந்தபடி, "விடு, இழு, விடு, இழு" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமி தூணைப் பிடித்து நின்றாள். "கடுகத்தனைதாண்டி குடுத்தேன். அவ அப்பா எனக்குக் குடுத்த லட்டுதானேன்னு..." மலையிலிருந்து இறங்கி நேரே ஓடிவந்திருந்த சடகோபன் அதைக் கேட்டார். சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அலர்மேலுக்கு யாரையும் கோபித்துக்கொள்ளத் தெம்பில்லை. "இன்னும் எத்தனை நாழி பாக்கணும்?" என்று செவிலியரைக் கேட்டபடியே இருந்தாள். காலையில் குழந்தை எழுந்து இட்லி கேட்டாள்.

மாமி இப்போது தன் வீட்டில் முந்திரி வாங்குவதில்லை. சடகோபனும் லட்டைத் தெருமுனை தாண்டிக் கொண்டுவருவதில்லை. அலர்மேலிடம் கேட்டுக்கேட்டுப் பொரி உருண்டை பிடிக்கக் கற்றுக்கொண்டாள். மாமி கொடுக்கிற உருண்டையையும் அலர்மேல் பிட்டுப் பார்த்துத்தான் குழந்தையிடம் தருவாள்.

சென்ற வாரம் சடகோபன் மலையிலிருந்து இறங்குகிற வேளையில் அலர்மேல் தெருமுனைக்குப் போய் நின்றாள். "எனக்கு ஒரு விள்ளல் தாங்கோ. பிரசாதம் வாயில பட்டு வருஷக்கணக்காச்சு" என்றாள். அவர் தயங்கி, இலைப்பொட்டலத்தைப் பிரித்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாய்க்கு அருகே கொண்டுபோய், கண்ணை மூடித் தின்றாள். பிறகு தெருக்குழாயைத் திறந்து வாய் கொப்பளித்தாள். முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள், மறுபடி கொப்பளித்தாள். புடவைத் தலைப்பை உதறிக்கொண்டிருக்கும்போது, அம்மாவைக் கண்ட ஸ்ரீவல்லி வாசலிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். அலர்மேல் இரண்டடி பின்வாங்கி, நீர் சொட்டுகிற கையை நீட்டி, வராதே என்று நிறுத்தினாள்.