அட்டையைப் பார்த்ததாகச் சொன்னவர்

என் வீட்டுக்காரர் சிவசங்கர் எதையும் மூன்று முறை சரிபார்க்காமல் விடமாட்டார். கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில் காவிரிப் பாலம் வரை போய்த் திரும்பி வந்த ஆள். ஸ்ரீரங்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அதற்கு முன் பதினோரு வருடம் அந்தமானில், சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்ப் பவளப்பாறை காட்டும் வேலை. பொன்மலை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவருக்குக் கடல் எப்படி ஒட்டிக்கொண்டதோ, எனக்கு இன்றும் புரியவில்லை. தம்பி சித்தார்த்தனையும் அங்கே இழுத்துக்கொண்டார்.

ஆழத்தில் மூச்சு விடும்போது நைட்ரஜன் உடம்பில் சேரும். அளவு மீறித் தங்கிவிட்டு மேலே வந்தால் அது குமிழாகி நரம்பைத் தாக்கும். எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம், காலையில் இறங்கியவர் மதியம் எவ்வளவு குறைத்துக்கொள்ள வேண்டும் என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் அட்டை உண்டு. டேபிள் என்பார்கள். இப்போது அந்தக் கணக்கை மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கம்ப்யூட்டரே போட்டுவிடுகிறது. தம்பி கம்ப்யூட்டர் கட்சி. இவர் கம்ப்யூட்டரையும் கட்டிக்கொண்டு அட்டையையும் பார்க்கிற கட்சி.

"அண்ணனுக்கு ரெண்டு மேனேஜர், அண்ணி. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் தண்ணில இறங்குவாரு" என்று சித்தார்த்தன் லீவுக்கு வரும்போதெல்லாம் கேலி செய்வான்.

சட்டை, செருப்பு, பைக் எதிலும் அவர்களுக்குள் என்னது உன்னது கிடையாது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு நாள், தம்பி காலையில் இரண்டு முறை இறங்கி ஏறியிருந்தான். மூன்றாவது முறைக்கு முன் அவன் கம்ப்யூட்டர் பேட்டரி தீர்ந்து அணைந்துபோனது. ஆட்கள் படகில் காத்திருந்தார்கள். சளி என்று அன்று இறங்காமலிருந்த இவர், தன் கையில் இருந்ததைக் கழற்றி அவன் கையில் கட்டிவிட்டார்.

"காலைல நான் இறங்குனது இதுக்குத் தெரியாதேண்ணே."

"நான் டேபிள்ல பார்த்துட்டேன். இது காட்டுற நேரத்துக்குள்ள ஏறிடு, போதும்."

பார்க்கவில்லை. அவசரத்தில் வாயில் வந்துவிட்டது. அண்ணன் பார்த்தாயிற்று என்றால் தம்பிக்கு மேற்கொண்டு கேள்வியே கிடையாது. அந்தக் கம்ப்யூட்டருக்கு அது அன்றைய முதல் இறக்கம். நேரத்தைத் தாராளமாகக் கொடுத்தது. முப்பத்தைந்து நிமிடம் கீழே இருந்தான். சாயங்காலம் கால் மரத்தது. சிகிச்சைக்குப் போய்ச் சேர மறுநாள் ஆயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவே இல்லை.

இருவரும் ஊருக்கு வந்தார்கள். தம்பி குடும்பம் இங்கேயே கே.கே. நகரில். தினமும் விடியற்காலை இவர் பைக்கில் போய் அவனைத் தூக்கிக் குளிப்பாட்டி, உடுத்தி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் கடையைத் திறப்பார். ஒரு நாள் விட்டதில்லை. இரண்டாம் வருடம் என்னிடம் உண்மையைச் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும், "அவன்கிட்ட மூச்சு விடாதீங்க, உள்ள உறவும் போயிடும்" என்று நான்தான் தடுத்தேன்.

அதற்கு விலை கொடுத்தது அவன் மகள் தேவதர்ஷினி. டேபிளும் சரி, கம்ப்யூட்டரும் சரி, அப்படியென்றால் தன் உடம்பில்தான், இதயத்தில் ஓட்டை மாதிரி ஏதோ பிறவிக் கோளாறு என்று சித்தார்த்தன் முடிவு கட்டிவிட்டான். அது மகளுக்கும் வந்திருக்கும் என்று அவளை நீச்சல் வகுப்பிலிருந்து நிறுத்தினான். ஓடக் கூடாது, கயிறு தாண்டக் கூடாது. இரண்டு முறை இதயத்தை ஸ்கேன் எடுத்தும், ஒன்றுமில்லை என்று சொன்ன டாக்டரை அவன் நம்பவில்லை.

ஒன்பது வயதுப் பிள்ளை இவரிடம் கேட்டது: "பெரியப்பா, எனக்கு என்ன வியாதி?"

இனி மறைக்க மாட்டேன் என்றார் அன்று ராத்திரி. மறுநாள் நானும் கூடவே போனேன், கடைசி நிமிடத்திலாவது தடுக்கலாம் என்று. குளிப்பாட்டி முடித்துத் தலையைத் துவட்டிக்கொண்டே சொல்லிவிட்டார். "அன்னிக்கு நான் டேபிளைப் பார்க்கலடா. பார்த்தேன்னு பொய் சொன்னேன். உன் உடம்புல ஒண்ணும் இல்ல."

சித்தார்த்தன் துண்டுக்கடியிலிருந்து தலையை நிமிர்த்தினான். பிறகு, "பார்த்திருந்தா எவ்வளவு வந்திருக்கும்?" என்றான்.

"பன்னிரண்டு நிமிஷம்." யோசிக்காமல் சொன்னார். எத்தனை தடவை அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருப்பாரோ, பாவி மனுஷன்.

அவன் துண்டைப் பிடுங்கித் தானே துவட்டிக்கொண்டான். மனைவியைக் கூப்பிட்டு, "அனு, பாப்பாவைத் திரும்ப நீச்சலுக்குச் சேர்த்துடு" என்றான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். "அண்ணி, இனிமே அண்ணன் வர வேணாம். நான் ஆள் வச்சுக்குறேன்."

நாலு மாதமாகிறது. இன்றைக்கு யாராவது கேட்டாலும், சொல்லாதே என்றுதான் நான் சொல்வேன். எனக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான். இவர் அதே நேரத்துக்கு எழுந்து குளித்துவிட்டு, போக இடமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

போன வாரம் அனுசுயா போன் செய்தாள். தர்ஷினி குளத்தின் முழு நீளமும் நீந்திவிட்டாளாம். அவள் அப்பா கரையில் இருந்து பார்த்துக் கை தட்டினானாம். இவரிடம் சொன்னேன். "அவனைக் கார்ல யாரு தூக்கி வச்சாங்களாம்?" என்றார்.

அதை நான் அனுசுயாவிடம் கேட்டுவைக்கவில்லை.