அறுபத்தஞ்சாம் நம்பர் துப்பாக்கி

கிளார்க் இன்பம் மேடத்துக்குத் துப்பாக்கின்னாலே பயம். அப்படிப்பட்டவங்க தலையிலதான் பதினேழு வருஷமா துப்பாக்கி லைசென்ஸ் செக்‌ஷனைக் கட்டி வெச்சிருந்தாங்க. கவர்மென்ட் ஆபீஸ்ல ஆளைப் பார்த்தா வேலை குடுக்குறாங்க? லைசென்ஸ் புதுப்பிக்க வர்றவங்க துப்பாக்கியைப் போர்வையில சுத்திக் கொண்டாருவாங்க. பிரிக்கப் போனா, வேணாம், அந்த மூலையிலயே இருக்கட்டும்னுடுவாங்க இன்பம். பழைய ரிஜிஸ்டரைப் பார்த்து நம்பரை எழுதி, "நேரில் பார்த்துச் சரிபார்த்தேன்"னு கையெழுத்துப் போட்டுடுவாங்க.

எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னு உத்தரவு வந்தப்பதான் வந்தது வினை. ரிஜிஸ்டர்ல பிரெஞ்சுத் துப்பாக்கி நாலு இருந்திச்சு. நாலுக்கும் நம்பர் 65. கம்ப்யூட்டர் ஒன்னை வாங்கிக்கிச்சு, மூணை மாட்டேன்னுடுச்சு.

வேற வழியில்லாம, அந்த நாலுல ஒன்னை, ஆம்பூர்ல தோல் மண்டி வெச்சிருக்கிற மஹபூப் பாஷாவோட துப்பாக்கியை, வரவழைச்சு இன்பமே பிரிச்சாங்க. அவர் தாத்தா 1931-ல பாண்டிச்சேரியில வாங்கினது. குழலைக் கழட்டினா அடியில ஒரு கிரீடம், குறுக்கா ரெண்டு ஓலை, குருத்தோலை ஞாயிறு மாதிரி. பக்கத்துல 65. பயம் எங்க போச்சுன்னே தெரியல. லென்ஸ் வாங்கி, நெட்டுல தேடி, மூணு வாரம் அதே வேலையா இருந்தாங்க. ஓலை, பிரான்ஸ்ல செயின்ட் எத்தியென் ஊர்ல குழல் தாங்குதான்னு சுட்டுப் பார்த்துப் போட்ட முத்திரை. 65, தோட்டா உட்கார்ற அறையோட நீளம், மில்லிமீட்டர்ல. நிஜ நம்பர் நாலு இலக்கத்துல வேற இடத்துல இருந்திச்சு. எந்தக் காலத்துக் கிளார்க்கோ அளவை நம்பர்னு எழுதிட்டுப் போக, பின்னாடி வந்தவங்க எல்லாம் அதையே பார்த்து எழுதியிருக்காங்க. நம்பரையும் முத்திரை ஜாடையையும் வெச்சு, இது 1931-க்குப் பல வருஷம் முன்னாடி செஞ்சதுன்னு இன்பம் நோட் போட்டாங்க.

அதிகாரி குமரன் சின்ன வயசு, கெட்டிக்காரர். பழசுதான், ஒத்துக்கறேன், ஆனா அதே துப்பாக்கின்னு யார் சொன்னதுன்னார். பதினேழு வருஷமா நம்பரை நேர்ல சரிபார்த்ததா உங்க கையெழுத்தே இருக்கு, 65 வெறும் அளவுன்னா அப்பவே தெரிஞ்சிருக்காதா? இப்ப இந்தத் துப்பாக்கியில நம்பர் வேற. அப்ப பாஷா துப்பாக்கியை மாத்திட்டார், கேஸ் போட வேண்டியதுதான்னார்.

பாஷாவும் சம்சாரம் புஷ்ராவும் அடுத்த மாசம் ஹஜ்ஜுக்குப் போறவங்க. கேஸ் விழுந்தா பயணம் அவ்ளோதான். மனுஷன் வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருந்தார். இன்பத்துக்கு ரிடையராக ரெண்டே மாசம். வாயைத் தெறக்காம இருந்தா மாலை போட்டு வழியனுப்புவாங்க. எழுந்து குமரன் ரூமுக்குள்ள போனாங்க.

"சார், அந்தக் கையெழுத்துதான் பொய். நான் எதையும் பார்க்கல."

"ஒருவாட்டி கூடவா, மேடம்?"

"ஒருவாட்டி கூட இல்ல. பயம், சார்."

எழுதிக் குடுங்கன்னார். குடுத்தாங்க.

பாஷாவும் புஷ்ராவும் மெக்கா போய்ச் சேர்ந்தாங்க. இன்பத்துக்கு, ரிடையராகுறதுக்கு முந்தின நாள் சஸ்பென்ஷன் ஆர்டர் வந்திச்சு. ரெண்டு வாட்டி படிச்சாங்க. அப்புறம் 65-ன்னு பதிஞ்சிருந்த மிச்சம் மூணு பேருக்கும் துப்பாக்கியோட வரச்சொல்லி லெட்டர் டைப் பண்ணி வெச்சுட்டுதான் சீட்டை விட்டு எழுந்தாங்க.